உறுமலின் வரலாறு – 12: கரையும் உடலும்

சென்ற பகுதி ஃப்ளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் முடிந்தது. மோரிசவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு டெத், ஒபிச்சுவரி, மார்பிட் ஏஞ்சல், டீஅசைட் என்று குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. 1985-ல் பொசெஸ்டு குழு 'செவன் சர்ச்சஸ்' இசைத்தட்டில் போட்ட விதை, 1989-ல் மார்பிட் ஏஞ்சலின் 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்' வெளிவந்தபோது மரமாகி நின்றது. டெத் மெட்டலுக்கு ஓர் இலக்கணம் பிறந்துவிட்டது.

அந்த இலக்கணம் கேசட்டுகளில் ஏறித் தபாலில் உலகம் சுற்றியது. சிங்கப்பூரிலும் இறங்கியது. அங்கே அதைக் கேட்டவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அவர்களில் சிலர் பின்னாளில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். தமிழகத்தில் அதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. அதன் பெயரைத் தமிழகத்தில் உரக்கச் சொல்லியிருந்தால், இசையைக் கேட்கும் முன்பே ஒரு சண்டை தொடங்கியிருக்கும். அந்தச் சண்டை ஏன் என்பது புரிய, சிங்கப்பூருக்கு விமானம் ஏறும் முன் காஞ்சிபுரத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

ஒரு சொல், ஓர் ஊர்

1909-ல் காஞ்சிபுரத்தில், நெசவுத் தொழிலோடு உறவுள்ள செங்குந்தர் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணாதுரை. 1942-ல் அதே ஊரிலிருந்து 'திராவிட நாடு' என்ற வார இதழைத் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய நூல்தான் 'ஆரிய மாயை'. 1950-ல் அந்த நூலுக்காக அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு புத்தகத்தின் தலைப்பே ஓர் அரசியல் தலைமுறையின் முழக்கமாக மாறியது.

அரை நூற்றாண்டு கடந்தது. 2001-ல் சிங்கப்பூரின் தமிழ் இளைஞர்கள் தங்கள் இரண்டாவது இசைத்தட்டுக்கு ஒரு பெயர் வைத்தார்கள்.

'தி ஆர்யன் க்ரக்ஸ்'. ஆரியத்தின் கரு என்று தமிழில் சொல்லலாம்.

குழுவின் பெயர் ருத்ரா.

இரண்டு தலைப்புகளிலும் இருப்பது ஒரே சொல். எழுதியவரும் தமிழர், பாடியவர்களும் தமிழர்கள். ஒருவர் அந்தச் சொல்லை உடைக்க எடுத்தார். மற்றவர்கள் அதை உடுத்திக்கொள்ள எடுத்தார்கள். அண்ணாதுரையின் தலைப்பிலுள்ள மற்றொரு சொல் மாயை; அதைப் பற்றிக் காஞ்சி நடத்திய பழைய வழக்கொன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டு, கருத்து மாறுபட்டு வெளியேறியவர் ராமானுஜர் என்பது குருபரம்பரை சொல்லும் வரலாறு. அவரே பின்னர் ஸ்ரீபாஷ்யத்தில், மாயை என்ற கொள்கை நிற்காது என்பதற்கு ஏழு தடைகளை அடுக்கினார். அதே ஊரில்தான் காமகோடி மடம், மாயையை ஏற்கும் அத்வைதத்தைப் போற்றி வருகிறது. 2005-ல் ருத்ரா வெளியிட்ட ஒரு பாடலின் பெயரோ, 'வெய்ல்ஸ் ஆஃப் மாயா'. மாயையின் திரைகள்.

காஞ்சியின் தெருக்களில் நடந்த வாதம் சிங்கப்பூரின் மின்கிட்டார்களுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

தலைமுடிக்குத் தடை போட்ட நகரம்

1972. உலகமே கொண்டாடிய லெட் செப்பெலின் குழு சிங்கப்பூரில் இறங்க வந்தது. நீண்ட தலைமுடியோடு நாட்டுக்குள் நுழைய அனுமதி இல்லை என்றார்கள். நிகழ்ச்சி நடக்கவில்லை. நீள்முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்ற அறிவிப்புகள் அந்நாட்டு அரசு அலுவலகங்களில் தொங்கிய காலம் அது.

இருபது ஆண்டுகள் கழித்து, அதே நகரத்தில் டெத் மெட்டல் குழுக்கள் முளைத்திருந்தன. மலாய் இளைஞர்கள் நிறைந்த களம் அது. அப்ஹோரர் 1987-லும் இம்பயட்டி 1990-லும் தொடங்கிவிட்டன; இரண்டும் 1996-ல் வெளியிட்ட முழுநீள இசைத்தட்டுகளை இன்றும் உலகெங்கும் தேடி வாங்குகிறார்கள். நிகழ்ச்சிகளில் ஒருவர்மீது ஒருவர் மோதி ஆடும் ஸ்லாம் டான்சிங்குக்கு அரசு தடை போட்டது. இசை அடங்கவில்லை. ஒழுங்குக்குப் பேர்போன ஊரில் ஒழுங்கில்லாததாகத் தோன்றும் ஓர் இசை வேர்பிடித்ததில் வியப்பில்லை. அழுத்தம் இருக்கும் இடத்தில்தான் ஆவி விசில் அடிக்கும்.

1992-ல் இந்தக் களத்துக்குள் ஒரு தமிழ்க் குழு வந்தது. பேஸ் கிட்டாரும் குரலும் கதிர். டிரம்ஸ் சிவா. கிட்டார்க்காரர்கள் பின்னாளில் பலமுறை மாறினார்கள். இந்த இருவரும் மாறவில்லை. ருத்ரா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் நடுவே ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. குழு இடையில் ஒருமுறை கலைந்து மறுபடி சேர்ந்தபோது அந்த எழுத்து உதிர்ந்தது.

சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் மக்கள்தொகையில் இந்தியர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் பத்தில் ஒரு பங்கு வராது. பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், கோயிலில் சமஸ்கிருதம், தெருவில் மலாயும் சீனமும். அத்தனை ஒலிகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகள், இன்னொரு கண்டத்தின் உறுமலைக் கடன் வாங்கினார்கள்.

கடன் வாங்கியதும் ஒரு சிக்கல் வந்தது. இந்தப் பகுதியின் திருப்புமுனை அங்கேதான் இருக்கிறது.

கவிழ்க்க எதுவும் இல்லாத வீடு

டாம்பாவின் டெத் மெட்டல் கிறிஸ்தவ வீடுகளில் பிறந்தது. அதன் கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தது: தேவாலயம். சிலுவையைத் தலைகீழாகப் பிடித்தார்கள், சாத்தானைப் பாடினார்கள். டீஅசைட் குழுவின் க்ளென் பென்டன் தன் நெற்றியிலேயே தலைகீழ்ச் சிலுவையைச் சூடுபோட்டுக்கொண்டார். அப்பா அம்மா முழங்காலிட்ட ஒன்றைக் கவிழ்ப்பதில்தான் அந்தக் கலகத்தின் சூடு இருந்தது.

தமிழ் இந்து வீட்டுப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? சாத்தான் அவன் வீட்டு ஆள் இல்லை. சிலுவை அவன் பாட்டி கும்பிட்டதும் இல்லை. தலைகீழாக்கினால் யாருக்கும் வலிக்காது. டெத் மெட்டலின் வேகம், கனம், உறுமல் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ஆனால் எதைப் பாடுவது?

பயங்கரமானது எது, அதே சமயம் நம்முடையது எது?

விடையைப் பார்க்க விரும்புகிறவர்கள் காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போகலாம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில். பிராகாரத்தைச் சுற்றி 58 சிறு சன்னதிகள். சுவர்களில் நிற்கும் சிவன், பெரும்பாலும் சாந்தமானவர் அல்லர். முப்புரம் எரிக்கிறார். யானையை உரித்து அதன் தோலை விரிக்கிறார். காலனை உதைக்கிறார். சடை பறக்கக் கால் மடித்து அழிவின் தாண்டவம் ஆடுகிறார். ஒரு டெத் மெட்டல் இசைத்தட்டின் அட்டையில் இருக்கும் அத்தனையும் அங்கே கல்லில் இருக்கின்றன.

ஒரே ஒரு வேறுபாடு. இந்தப் பயங்கரம் கோயிலுக்கு எதிரி இல்லை. கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு விளக்கேற்றுகிறார்கள்.

யஜுர் வேதத்தின் ஸ்ரீருத்ரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவன் கோயில்களில் அபிஷேகத்தின்போது ஓதப்படும் அந்தப் பதினோரு அனுவாகங்களின் முதல் வணக்கம் ருத்திரனின் கருணைக்குச் செல்வதில்லை. அவன் கோபத்துக்குச் செல்கிறது. பிறகு அவன் அம்புக்கு, அவன் வில்லுக்கு, அவன் கைகளுக்கு. கோபத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் அருளைக் கேட்கிறது அந்த மந்திரம்.

ருத்ரா குழு கண்டுகொண்டது இதைத்தான். உறுமலுக்காகக் கடவுளை எதிர்க்க வேண்டியதில்லை, கடவுளே உறுமுகிறார். டெத் மெட்டலின் வரலாற்றில் இது சின்னத் திருத்தம் இல்லை. அந்த இசையின் அடித்தளக் கல்லையே உருவிவிட்டு வேறு கல்லை வைத்த காரியம். கட்டடம் விழாமல் நின்றது.

1998: இரண்டு இசைத்தட்டுகள்

1998-ல் ருத்ராவின் முதல் இசைத்தட்டு, குழுவின் பெயரையே தாங்கி வந்தது. கனத்த கிட்டார்களுக்கு இடையே மந்திர உச்சரிப்பு நுழைந்தது. 'வேதிக் மெட்டல்' என்ற பெயர் இவர்களோடு ஒட்டிக்கொண்டது. அவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அதே 1998-ல், பூமியின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் தென் கரோலினாவிலிருந்து நைல் என்ற குழுவின் முதல் முழுநீள இசைத்தட்டு வெளியானது. பாடுபொருள் பழைய எகிப்து. பிரமிடுகள், கல்லறைகள், மம்மிகளின் சாபங்கள். ரிலாப்ஸ் என்ற பெரிய நிறுவனம் அதை வெளியிட்டது. நைல் இன்று டெத் மெட்டலின் பெருங்குழுக்களில் ஒன்று. அவர்கள் திறமைசாலிகள், அந்தப் புகழுக்கு உரியவர்கள்.

ஆனாலும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தென் கரோலினா இளைஞர்கள் நூலகத்தில் படித்த எகிப்தைப் பாடினார்கள். அந்த மதத்தை இன்று யாரும் அந்த வடிவில் கடைப்பிடிப்பதில்லை. அந்த மந்திரங்களின் சரியான உச்சரிப்பைச் சொல்லித்தர ஆளில்லை. சிங்கப்பூர் இளைஞர்கள் எடுத்தது, காலையில் பக்கத்துக் கோயிலில் ஓதப்படும் மந்திரத்தை. அதைத் தப்பாக ஓதினால் திருத்தப் பெரியவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் ஒன்றைத் தொடுவதில் இருக்கும் பொறுப்பும் நடுக்கமும் வேறு.

முன்னதை உலகம் கேட்டது. பின்னதை ஒரு சிறு வட்டம் கேட்டது.

2001: கோர்வை

காஞ்சிப் பட்டின் நுட்பத்தைக் கேட்டால் பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் 'கோர்வை' என்பார்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். சேலையை நெய்துவிட்டுப் பிறகு கரையைத் தைப்பதில்லை. மூன்று நாடாக்கள் ஓடும்: இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று. ஒவ்வோர் ஊடையிலும் கரையின் இழையும் உடலின் இழையும் ஒன்றையொன்று கவ்வ வேண்டும். அதனால்தான் கோர்வைத் தறியில் இரண்டாம் ஆள் ஒருவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடுப்பார். வேலை இரட்டிப்பு, நேரம் இரட்டிப்பு. பலன்? சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று ஊரில் ஒரு சொல் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காஞ்சிப் பட்டின் நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. அந்தச் சேலையைக் காஞ்சிபுரத்துச் சேலை என்று சொல்ல யாருக்கும் தயக்கம் இல்லை. 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கிருந்து இழை வந்தது என்பதைவிட எங்கே கோர்க்கப்பட்டது என்பதுதான் ஒரு பொருளுக்குப் பெயர் கொடுக்கிறது.

டாம்பாவிலிருந்து நூல், வேதத்திலிருந்து சரிகை, சிங்கப்பூரில் தறி. ருத்ராவின் முதல் சில இசைத்தட்டுகளை இப்படிக் கேட்டால் காது திறக்கும்.

மேற்கத்திய ராக் இசையில் இந்திய ஒலி புதிது இல்லை. 1965-லேயே பீட்டில்ஸ் 'நார்வீஜியன் வுட்' பாடலில் சிதாரைச் சேர்த்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த பலரிடம் இந்திய ஒலி ஒரு வாசனைப் பொடியாகவே தங்கியது. பாடல் தன் வழியில் போகும், நடுவே சிதார் ஒரு முறை மினுங்கிவிட்டு மறையும். அது தைத்த கரை. கொஞ்சம் இழுத்தால் பிரிந்துவிடும்.

ருத்ராவிடம் கரை பிரியாததற்கு இசைக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. ஆர்வமில்லாதவர்களும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று கேட்க வேண்டும்.

டெத் மெட்டலில் கிட்டாரின் கம்பிகளை வழக்கமான சுருதியைவிடத் தாழ்த்திக் கட்டுகிறார்கள். மிகத் தடித்த கம்பி திறந்தபடி அதிர்ந்துகொண்டே இருக்கும். மெட்டு அதிலிருந்து எழுந்து அரைச் சுரம், ஒரு சுரம் தள்ளி நகர்ந்து, மறுபடி அங்கேயே வந்து விழும். மேற்கத்தியப் பாடல்கள் பலவற்றைப் போல இது ஒரு ஸ்வரக்கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்குத் தாவித் தாவிப் போவதில்லை. ஓர் ஆதார ஒலியைச் சுற்றியே வட்டமிடும்.

அது தம்புரா செய்யும் வேலை. ஆதார ஷட்ஜம் ஓயாமல் ஒலிக்க, பாட்டு அதைச் சுற்றி நடக்கும்.

இனி வேதம் ஓதுவதைக் கேளுங்கள். உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்று நெருக்கமான மூன்று படிகள். குரல் நடுப்படியில் நிற்கும், கீழே ஒரு படி இறங்கும், மேலே ஒரு படி ஏறும், திரும்பும். கண்ணை மூடிக்கொண்டு அந்த அசைவை மட்டும் மனத்தில் வரைந்தால் வரும் கோடும், ஒரு பழைய டெத் மெட்டல் மெட்டின் கோடும் உடன்பிறப்புகள் போலத் தெரியும். இரண்டுமே குறுகிய இடத்தில் அழுத்தத்தைச் சேர்க்கும் வகை. அதனால்தான் மந்திரம் வந்து நுழையும் கணத்தில் இசை கலையவில்லை. இழை இழையைக் கவ்விக்கொண்டது.

உறுமலும் அப்படித்தான். அந்த ஒலி வெறும் கத்தல் இல்லை. தொண்டையில் குரல் நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் பொய்க்குரல் நாண்களை அதிரவைத்து, வயிற்றிலிருந்து மூச்சைத் தாங்கிப் பிடித்து எழுப்பும் ஒலி. பழகாமல் கத்தினால் இரண்டு பாட்டுக்குள் தொண்டை புண்ணாகிவிடும். மூச்சின் பயிற்சி இல்லாமல் வேதம் ஓதவும் முடியாது, உறுமவும் முடியாது.

'தி ஆர்யன் க்ரக்ஸ்' இந்தப் பயணத்தின் நடுப்புள்ளி. 1998-ன் முதல் முயற்சிக்கும், 2003-ல் வந்த 'குருக்ஷேத்ரா'வுக்கும் இடையே நிற்கிறது. பின்னால் வந்த இசைத்தட்டுகள் இன்னும் நேர்த்தியானவை, ஒலிப்பதிவும் தேர்ந்தது. நேர்த்தி வரும் முன் ஒரு கலைஞனிடம் இருக்கும் துணிவு வேறு. இழுத்துக் கட்டிய பாவில் முதல் ஊடை விழும்போது நெசவாளியின் முகத்தில் வரும் கவனம் அந்த இசைத்தட்டில் இருக்கிறது.

மூன்று காதுகள்

பிறகு ஏன் அது மறந்துபோனது?

காலம் ஒரு காரணம். 2001-ல் பழைய பாணி டெத் மெட்டலுக்குச் சந்தையே இல்லை. வானொலிகளையும் தொலைக்காட்சிகளையும் நு-மெட்டல் பிடித்திருந்தது. டெத் மெட்டல் கேட்டவர்களும் ஸ்வீடனின் கோதன்பர்க் பாணியின் இனிமைக்கு நகர்ந்திருந்தார்கள். பழைய பாணியை உலகம் மறுபடி தேட ஆரம்பித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து.

இடம் இன்னொரு காரணம். சிங்கப்பூரிலிருந்து ஒரு சிறு வெளியீடு ஐரோப்பாவின் கடைக்குப் போவது கடினம்; சென்னைக்கு வருவதும் அப்படித்தான். இந்தியாவில் ராக் இசைக்கென 1993-ல் அலகாபாத்தில் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' தொடங்கியிருந்தது. பெங்களூரில் டையிங் எம்ப்ரேஸ் போன்ற குழுக்கள் தொண்ணூறுகளிலேயே டெத் மெட்டல் வாசித்தன. தமிழகத்தில் இந்த இசை பெரும்பாலும் பொறியியல் கல்லூரி விடுதிகளில், நண்பர்கள் நகலெடுத்துக் கொடுத்த குறுந்தகடுகளில்தான் உயிர்வாழ்ந்தது. பக்கத்து நாட்டுத் தமிழர்களைவிடத் தொலைதூர டாம்பாவே அந்த விடுதிகளுக்கு அருகில் இருந்தது.

மூன்றாவது காரணம் தலைப்பு.

அந்தச் சொல்லை மூன்று காதுகள் மூன்று விதமாகக் கேட்கும். சமஸ்கிருதம் படித்தவர் காதில் 'ஆர்ய' என்றால் மேன்மை, பண்பு. வேதாந்தம் பாடும் குழு அந்தப் பொருளில் எடுத்தது என்பதே அவர்கள் பாடல்களின் போக்கைப் பார்த்தால் பொருந்துகிறது. ஐரோப்பியர் காதில் அது நாஜிகள் கறைப்படுத்திய சொல். அதுவும் மெட்டல் உலகில், தொண்ணூறுகளில் அங்கே சில குழுக்கள் நிஜமாகவே இனவெறி பேசிய காலத்தில், ஐயத்தோடுதான் கேட்கப்படும். தமிழகத்துக் காதில் அது அண்ணாவின் புத்தகத் தலைப்பு. மொழி, சாதி, அதிகாரம் என்று ஒரு நூற்றாண்டின் காயங்கள் அந்த மூன்றெழுத்தில் இருக்கின்றன.

இத்தொடரின் கணிப்பில், அந்தத் தலைப்பு அந்த இசைக்கு நன்மை செய்யவில்லை. கறுத்த தோலும் தமிழ்ப் பெயரும் கொண்ட இளைஞர்கள் அந்தச் சொல்லைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டதில் ஒரு பெரும் கேள்வி ஒளிந்திருக்கிறது: வேதாந்தம் யாருக்குச் சொந்தம்? பிறப்பால் ஓதும் உரிமை பெற்றவர்களுக்கு மட்டுமா, உறுமிக் கேட்பவனுக்கும் உண்டா? தமிழகத்தில் அந்தக் கேள்வி எழுந்திருந்தால் நல்ல விவாதம் நடந்திருக்கும். தலைப்பு அந்தக் கேள்வியைக் கேட்கவிடவில்லை. பகுத்தறிவாளர் பெயரைப் பார்த்து ஒதுங்குவார். பக்தர் உறுமலைக் கேட்டு ஒதுங்குவார். மெட்டல் ரசிகர் மந்திரத்தைக் கேட்டு விழிப்பார். மூன்று கதவுகளுக்கும் வெளியே நின்றது ஓர் அருமையான இசைத்தட்டு.

முதலில் காதுகொடுத்த அறிவுலகம் சிங்கப்பூருடையது. இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன், வேதிக் மெட்டலையும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலையும் இணைத்து 2009-ல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். ஒரு டெத் மெட்டல் குழு வழியாக ஒரு சமூகத்தை வாசிக்கலாம் என்று அவர் காட்டினார்.

பிறகு வந்தவை

2005-ல் 'பிரம்மவித்யா: ப்ரைமார்டியல் I'. 2009-ல் 'பிரம்மவித்யா: டிரான்சென்டென்டல் I'. 2011-ல் 'பிரம்மவித்யா: இம்மார்டல் I'. ஆறு ஆண்டுகளில் ஒரு முத்தொகுதி. அந்த 'I' என்பதை எண்ணாக வாசித்தால் ஒன்று. ஆங்கிலச் சொல்லாக வாசித்தால் 'நான்'. 'நான் யார்' என்று கேட்பதே வேலையாக உள்ள தத்துவத்துக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து கிடைக்காது.

2009-ன் தொகுப்பில் அஷ்டாவக்ர முனிவருக்கு ஒரு பாடல் இருக்கிறது. 'பகவத்பாத நமஸ்கார' என்று இன்னொன்று. பகவத்பாதர் என்றால் ஆதிசங்கரர். காமாட்சி கோயிலில் ஸ்ரீசக்கரத்தை நிறுவியவர் என்று காஞ்சி மரபு போற்றும் அதே சங்கரர். சாத்தானைப் பாடப் பிறந்த ஓர் இசை, டாம்பாவில் கிளம்பி, சிங்கப்பூரில் இறங்கி, காஞ்சியின் ஆசாரியர் காலில் வந்து விழுந்திருக்கிறது. கதிரும் சிவாவும் முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் இதே இசையில் நிற்கிறார்கள். 2022-ல் பத்து மகாவித்யைகளில் எட்டைப் பெயரில் தாங்கி 'எய்ட் மகாவித்யாஸ்' வந்தது.

முத்தொகுதிக்கு உலகெங்கும் ரசிகர்கள் கிடைத்தார்கள். அதைத் தேடி வருகிறவர்கள் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டு படி கீழே இறங்கி 2001-க்குப் போக வேண்டும். முடிந்தால் இப்படிக் கேட்கலாம்: முதல் முறை சொற்களை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் கேளுங்கள், இரண்டாம் முறை தாழ்ந்த கம்பியின் ஆதார ஒலியைப் பிடித்துக்கொள்ளுங்கள், மூன்றாம் முறை மந்திரமும் கிட்டாரும் ஒன்றையொன்று கவ்வும் இடத்தைத் தேடுங்கள். தலைப்போடு உங்களுக்கு இருக்கும் வழக்கு அப்படியே இருக்கட்டும். அதை முடித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பதில்லை.

முன்னால் போகிறவர் யார்?

வைகாசி கருடசேவையன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் வெளியே வருகிறார். அந்த ஊர்வலத்தில் ஒரு முறை உண்டு. பெருமாளுக்கு முன்னால் ஒரு கோஷ்டி ஆழ்வார்களின் தமிழை ஓதிக்கொண்டு போகும். வேதம் ஓதும் கோஷ்டி பெருமாளுக்குப் பின்னால் வரும். முன்னால் தமிழ், பின்னால் வேதம்.

ருத்ராவின் ஊர்வலத்தில் வேதம் முன்னால் நடக்கிறது. உடன் ஆங்கிலம் வருகிறது. அவர்கள் பாடல்களில் பெரும்பகுதி இந்த இரண்டு மொழிகளில்தான்.

அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசிய மொழி எங்கே?

க, ச, ட, த, ப, ற என்று ஆறு வல்லெழுத்துகளை வைத்துக்கொண்டு, கல்லை உடைப்பது போலவும் ஒலிக்கத் தெரிந்த மொழி இது. பறையின் அடிக்கும் தவிலின் வேகத்துக்கும் ஈடுகொடுத்துப் பாடிப் பழகிய மொழி. சுடுகாட்டையும் பேயையும் தன் உடலைப் பேயுருவாக்கிக்கொண்டு பாடிய காரைக்கால் அம்மையார், ஆறாம் நூற்றாண்டிலேயே இதில் எழுதிவிட்டார். உறுமலுக்கு வேண்டிய அத்தனையும் கையில் இருந்தும், தமிழ் இந்த இசைக்குள் வரத் தயங்கியது எதனால்? அந்தத் தயக்கத்தை எந்தத் தொண்டை உடைக்கும்?

(அடுத்த வாரம்)